கெண்டைக்கால் சொன்ன கதைகள்

1946 பிப். 3, ஞாயிறு
வாடைக்காற்று. காலைப் பூசை. வீட்டிலிருந்து மாதா கோயில் கால் மைல். வலது கெண்டைக்காலில் அதே வலி, சுறா கடிக்கிற மாதிரி. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். நடந்தால் மறுபடி கவ்வும். வெளியே தெரியலாமா? முப்பது வருடம் சங்கு குளித்து, சுறாக்களை முகத்தில் அறைந்து அனுப்பியவன்! ஆகவே வலிக்கிற இடத்திலெல்லாம் யாரையாவது பிடித்து ஒரு கதை. சோடாக்கடை, சங்கு அடுக்குகிற கிட்டங்கி, சலூன், சிலுவை நிற்கிற குருசடி. நான்கு நிறுத்தம். ஊர் முழுக்க ரசிகர்கள்.

பிப். 5
பாதம் ஐஸ்கட்டி. தங்கச்சி செசிலி உப்பு வறுத்து, துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள்.
“சூடு போதுமாண்ணே?”
“இதுவா சூடு? இன்னும் வறுளா!”
மூன்று தரம் வறுத்தாள். அவள் கைதான் வெந்தது. நான் இமைக்கவில்லை. சக்கரவர்த்திகளுக்கும் வாய்க்காத பொறுமை.

பிப். 6
பெருவிரலில் நுங்கு அளவு கொப்புளம். வலியே இல்லை. கல்லுக்கயிற்றை இடுக்கிக்கொண்டு பத்துப் பாகம் ஆழம் இறங்கிய விரல்! துணி சுற்றி மறைத்தாயிற்று. சுருட்டு இரண்டு.

பிப். 10, ஞாயிறு
வெயில். கோயிலுக்குக் கூடவே செசிலி மகள் பிலோமினா. பெரியாஸ்பத்திரி நர்ஸ். கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவள் மட்டும் இல்லை. குருசடியில், முத்துச்சிப்பிக்குள் நான் படுத்துத் தூங்கிய கதை பாதியில்:
“மாமா, போன வாரமும் இதே நாலு எடம்னு ஊரே சொல்லுது. இன்னைக்குக் காலடிய எண்ணிட்டேன். ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் ஒரே தூரம். செருப்பக் கழத்துங்க.”
கழற்றினேன். துணியை அவளே அவிழ்த்தாள். விரல் ஓரம் கறுப்பு. புறங்காலில் விரல் வைத்து வெகுநேரம் தேடினாள்.
“இங்கன துடிப்பே இல்லையே மாமா.”
அவளே செருப்பை மாட்டிவிட்டாள். சிப்பிக் கதை பாதியிலேயே நின்றது.

பிப். 11
ஆஸ்பத்திரி. என் மூத்திரத்தை நீல மருந்தில் காய்ச்சினார்கள், செங்கல் சிவப்பு. பாண்டிய ராஜாவின் பட்டு அந்த நிறம். டாக்டருக்கு ரசனை இல்லை. நீரிழிவாம், பல வருடமாய். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கி அடைத்திருக்கிறதாம், அதுதான் சுறா. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாதாம். என் பொறுமையின் கதை அவ்வளவே.
“கறுப்பு மேல ஏறினா விரல எடுக்கணும். அதோட நிக்கும்னு சொல்ல முடியாது. சுருட்டு இன்னையோட சரி.” பிறகு கூட வந்த பிலோமினாவிடம்: “நடக்கும்போது வலிக்கறதுன்னு இவர் சொன்னாரா?”
“சாகும்வரை சொல்ல மாட்டார் டாக்டர். கதையத்தான் சொன்னார். நான் தூரத்த எண்ணினேன்.”
டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நான் பெஞ்சோடு ஓர் அடி உயர்ந்தேன். என் மருமகள்!
பயமும் உண்டு. இதை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதலாம்.

மார்ச் 4
படுக்கை. தினம் ஊசி, தினம் கட்டு. கறுப்பு ஏறவில்லை. சுருட்டு இல்லை. மக்ரூன் மிட்டாய் இல்லை. முனிவர்கள் என்னிடம் பாடம் கேட்கலாம்.

ஏப். 17
புண் மூடியது. நகம் போயிற்று, விரல் என்னுடையதே. இனித் தினமும் நடக்க வேண்டுமாம்: வலிக்கும்வரை நடை, வலித்தால் நிற்க, விட்டதும் மறுபடி நடை. பிலோமினா உத்தரவு. காலை மாலை செருப்புக்குள் கைவிட்டுக் கல் பார்ப்பதும் அவள்தான்.

ஜூன் 2, ஞாயிறு
கச்சான் காற்று, மண் பறக்கிறது. பூசைக்கு நடை, கூடவே பிலோமினா. சோடாக்கடை வந்தது. வலி வரவில்லை. தாண்டினேன்.
“அண்ணாச்சி, எம்மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை பேசாமப் போறிய!”
கையை மட்டும் காட்டினேன், தேரில் போகிற ராஜா மாதிரி. கிட்டங்கிக்குக் கொஞ்சம் முன்னால்தான் சுறா கவ்வியது. ஆளில்லாத இடம். ஒரு மதில், ஓர் ஆடு. வழக்கத்தை விடலாமா? ஆட்டிடம் ஆரம்பித்தேன்.
“மாமா, ஆட்டுக்குமா பொய்?”
“சும்மா இருளா. இங்கன நான் நின்னதே இல்ல, பாத்துக்கோ.”