நூற்றுப் பன்னிரண்டு நற்சான்றுகள்

நவம்பர் 7, 1998. சனி

காலையிலிருந்து குளிர்மழை. வீட்டு வாசல்களில் பழைய சாமான் பரப்பி விற்கிற காலம் முடிந்துவிட்டது. இனி ஏப்ரல் வரை தேவாலய மண்டபங்கள்தான். பஸ் பிடித்து மில்லிக்கன் பக்கத்து மண்டபத்துக்குப் போய் வந்தேன்.

கிடைத்தவை: நீலப்பூக் கோப்பை 2. சோசர் 3 (ஒன்றில் மயிரிழை வெடிப்பு, விற்கும்போது மறக்காமல் எழுத வேண்டும்). மூடியோடு வெண்ணெய்த் தட்டு 1.

மத்தியானம் ராணி வந்தாள். ஹோட்டல் லோண்டரியில் என்னோடு துணி மடிக்கிறவள். கொம்பியூட்டர் ஏலத்தில் மகளுக்கு ஒரு வயலின் பார்த்து வைத்திருக்கிறாளாம். ஆனால் பயம்.

"முகம் தெரியாத ஆக்களுக்கு எப்பிடியக்கா காசை அனுப்பிறது?"

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த அளவில்.

விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். நல்லபடி சாமான் கிடைத்தவர்கள் எழுதிய நற்சான்றுகளின் எண்ணிக்கை அது.
எண் மட்டும் போதாது. எழுதியிருப்பதையும் வாசி.
ஏலம் கேட்க முன் ஒரு கேள்வி எழுதிக் கேள். பதில் எழுதாத ஆளிடம் வாங்காதே.
நோட்டைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே. மணி ஓடர். துண்டைப் பத்திரமாக வை.

என் எண் 112. திரையில் காட்டினேன். "நூற்றுப் பன்னிரண்டு பேரோ" என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளுக்குள் பெருமைதான். இந்த நாட்டில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் அந்த 112 பேரும்தான்.

இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. முதுகு நோகுதாம்.

நவம்பர் 10. செவ்வாய்

வெயில், ஆனால் காற்று. பால் முடிந்தது. முட்டையும்.

இவர் முதுகுக்கு டொக்டரிடம் போயிருந்தார். ஓகஸ்டில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை போனதிலிருந்து பகலில் கொம்பியூட்டருக்கு முன்னால் இவர்தான். இன்று இடம் கிடைத்தது, ஈமெயில் திறந்தேன்.

டொரதியின் கடிதம். சஸ்கச்சுவான் மாகாணத்தில் எங்கோ தூரத்தில் ஒரு சின்ன ஊர். போன வருடம் என்னிடம் நீலப்பூ சோசர் இரண்டு வாங்கியவர். "முட்டையைப் பொதிவதுபோல் பொதிந்து அனுப்பினார்" என்று என் பக்கத்தில் எழுதியது அவர்தான். அதன் பிறகு கிறிஸ்மஸ் வாழ்த்தும் அனுப்பினார்.

இன்று எழுதியிருப்பது: தேநீர்ச் சாடி இன்னும் வரவில்லை. நாலு கிழமையாகிறது. அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் இருக்கிற அக்காவுக்கு டிசம்பர் 10ம் திகதி எண்பது வயது. அக்காவின் கலியாணச் செட்டில் சாடி மட்டும் உடைந்துபோனது. உங்களிடம் அதைக் கண்டதும் அழுதுவிட்டேன்.

நான் சாடி விற்கவில்லை. என்னிடம் சாடி இருந்ததே இல்லை.

யாருக்கோ எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு விற்றவை என்ற பட்டியலைத் திறந்தேன். கோடைக்குப் பிறகு திறக்கவேயில்லை. சாடி. மேசை மணிக்கூடு. கமெரா. பொம்மை. இன்னுமொரு மணிக்கூடு. ஐந்தும் என் பெயரில். படங்கள் அழகாக இருந்தன. ஒன்றும் நான் எடுத்ததில்லை.

யாரோ என் கடவுச்சொல்லைத் திருடியிருக்கிறார்கள். உடனே மாற்றினேன்.

இவர் வந்ததும் சொன்னேன். கோட்டைக் கழற்றவில்லை. "மாத்திப்போட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

என்னவென்று கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை.

நவம்பர் 11. புதன்

லீவு சொன்னேன். காய்ச்சல் என்று பொய்.

இவருடன் பேசியது. அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு நான் கூட்டியோ குறைத்தோ நினைக்காமல்.

"நான்தான் போட்டனான்."

"சாமான் எங்க?"

"ஒண்டும் இல்லை. படங்கள் வேற ஆக்களின்ர பக்கத்தில எடுத்தது. பிறகு எங்கயாவது வாங்கி அனுப்பலாம் எண்டு நினைச்சன்."

"எங்க வாங்கிறது?"

பிறகு வதனி என்றார். இவருடைய கடைசித் தங்கச்சி. மே மாதத்திலிருந்து பாங்கொக்கில் ஒரு அறையில், ஏழு பேரோடு. இங்கே கூட்டிவருவதாகச் சொன்ன ஏஜென்ட், மிச்சக் காசு வந்தால்தான் விமானத்தில் ஏற்றுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். காசுக்கு வழி கிடைத்துவிட்டது என்று இவர் போன மாதம் சொன்னபோது நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"ஏன் என்ர பேரில செய்தனீங்கள்?"

"என்ர பேரில ஆர் வாங்குவினம்? எனக்கு அதில சைபர்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இருக்கிற நிலைமையைச் சொல்வதுபோல.

வாங்கினவர்கள் எழுதும் ஈமெயில்களைப் பகலில் அழித்துவிடுவாராம். மணி ஓடர்களைக் கூட்டுக் கணக்கில் போட்டாராம். டொரதி என் பழைய ஆள் என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். அவ எண்டபடியாத்தான் கேள்வி கேக்காமல் காசை அனுப்பினவ."

சோறு வடித்தேன். இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 14. சனி

முதல் பனி. நிலத்தில் நிற்கவில்லை.

ஐந்து பேருக்கும் எழுதினேன். சாமான் இல்லை, காசு திரும்பி வரும், கொஞ்சம் கொஞ்சமாக. யார் செய்தது என்று எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன். "என் வீட்டில் நடந்த பிழை" என்று போட்டேன்.

பதில்கள்: கமெராக்காரர் பொலிஸுக்குப் போவேன் என்கிறார். பொம்மைக்காரி நன்றி சொன்னாள், அதுதான் அதிகம் சுட்டது. மணிக்கூட்டுக்காரர் இருவரும் எனக்குப் பதில் எழுதாமல் என் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். சிவப்பு எழுத்தில். "கள்ளி. தள்ளி நில்லுங்கள்."

டொரதியிடமிருந்து ஒன்றுமில்லை.

நவம்பர் 17. செவ்வாய்

என் கணக்கை ஏலக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பெயர் இருக்கிறது, பக்கத்தில் கோடு. பாத்திரம் கழுவிக்கொண்டே இவரிடம் சொன்னேன். "பிறகு வேற பேரில துடங்கலாம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். தெரியும்.

மத்தியானம் மஞ்சள் பக்கங்களில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கெல்லாம் போன். நீலப்பூ, பொன்விளிம்பு, சாடி. 14 கடை. இல்லை, இல்லை, இல்லை. பதினைந்தாவது விட்பி என்ற ஊரில். ஒரு கிழவர். "இருக்கிறது, ஆனால் மூடியின் உட்பக்கம் சின்னதாகச் சில்லுப் பறந்திருக்கிறது" என்று தானாகவே சொன்னார்.

நவம்பர் 21. சனி

ராணியிடம் காரில் கூட்டிப்போகக் கேட்டேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவளே தொடங்கினாள்.

"அக்கா, உங்கட பேரில சிவப்பில என்னவோ எழுதிக் கிடக்குது. நான் மகளுக்குக் காட்டுவம் எண்டு திறந்தனான்."

சொன்னேன். இவர் என்று சொல்லாமல் சொல்ல முடியவில்லை. எல்லாம் சொன்னேன்.

ரோட்டையே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினாள். "வயலினை நான் வாங்கேல்லை" என்றாள் கடைசியில். "இனி வாங்கமாட்டன்."

"எல்லாரும் அப்பிடியில்லை ராணி."

"ஓம் அக்கா. ஆனா எண்ணைப் பாக்கச் சொன்னது நீங்கள்தானே."

சாடி அதேதான். தூக்கிப் பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட இலேசு. கைப்பிடியில் யாரோ பலகாலம் பிடித்துத் தேய்ந்த பொன்.

நவம்பர் 23. திங்கள்

பொதி செய்தது: சாடிக்குள் டிஷூ. மூடி தனியாக, துவாய்த் துணியில் சுற்றி. பெட்டிக்குள் பெட்டி, இடையில் கசக்கிய தமிழ்ப் பத்திரிகை. இரண்டரை மணித்தியாலம். இவர் பெட்டியைப் பிடித்துத் தந்தார், நான் ஒட்டும் ரேப் சுற்றினேன்.

உள்ளே ஒரு கடிதம். சில்லுப் பறந்ததையும் எழுதினேன். பதிவுத் தபால். சாடி வருகிறது, காசும் திரும்பி வரும் என்று ஈமெயிலும் போட்டேன்.

டிசம்பர் 10ம் திகதிக்கு முன் போய்ச் சேருமா என்று தபால்காரியைக் கேட்டேன். "தாராளமாக" என்றாள்.

டிசம்பர் 3. வியாழன்

கொழும்பிலிருந்து போன். இவருடைய மாமா. வதனியைப் பாங்கொக் விமான நிலையத்தில் பிடித்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது கொழும்பில் விசாரணையில் வைத்திருக்கிறார்கள். ஏஜென்டின் நம்பர் அடிக்கிறது, எடுப்பார் இல்லை.

இவர் ரிசீவரை வைத்துவிட்டுக் கொம்பியூட்டர் கதிரையில் போய் இருந்தார். திரை கறுப்பாக இருந்தது. போடவில்லை. பின்னால் போய் நின்றேன். தோளில் கை வைக்க நினைத்தேன். வைக்கவில்லை. இன்னும் முடியவில்லை.

அரிசி மா வாங்க வேண்டும். சவர்க்காரம்.

டிசம்பர் 8. செவ்வாய்

லோண்டரியில் மேலதிக ஷிப்ட் கேட்டேன், கிடைத்தது. பொம்மைக்காரிக்குக் காசு முழுவதும் அனுப்பியாயிற்று. ராணி இப்போது மற்ற மேசையில் மடிக்கிறாள். கோபமில்லை, கண்டால் சிரிக்கிறாள்.

டொரதியிடமிருந்து ஒன்றுமில்லை. சாடி இப்போது அந்த மேசையில் இருக்கும், அக்கா பார்த்திருப்பா என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

டிசம்பர் 17. வியாழன்

கடுங்குளிர். லிப்ட் வேலை செய்யவில்லை, ஒன்பது மாடியும் படியில்.

கதவைத் திறந்தபோது மேசையில் பொதி. இவர் தபாலகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். என் எழுத்து. என் ரேப். மேலே ஒரு மஞ்சள் துண்டு: பெற மறுத்தார், அனுப்பியவருக்குத் திருப்புக.

இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உடைஞ்சிட்டுதோ?"

"இல்லை. ரேப் கூடக் கிழியேல்லை."