படத்தில் விழுந்த தாலி

நெய்வேலி
1963, ஆனி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு, ருக்குமணி வணங்கி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும். போன தடவை அதைப் பொய்யாக எழுதினேன். இந்தத் தடவை மெய்யாகவே எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். கடைசி வரைக்கும் படியுங்கள், பாதியில் மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தது. சளியில் கிருமி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் நீங்கள் வரமாட்டீர்களாம். ஆஸ்பத்திரியிலேயே தோட்ட வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிடுவீர்களாம். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். ‘என் மூச்சுக்காத்து பட்டு உங்க ரெண்டு பேருக்கும் வந்துட்டா நான் உசுரோட இருந்து என்னா’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டீர்களே.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் நம் பிளாக்குக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். காச நோய் வந்தவர் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் படம் எடுத்தார்கள். நோய் எதுவும் இல்லாமல், கிருமி மட்டும் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டாம். அந்த உறக்கம் படத்தில் ஏதாவது தடம் காட்டுமா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். முதலில் முன்கையில் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். எனக்கு அந்த இடம் நன்றாகத் தடித்தது, பாப்பாவுக்குத் தடிக்கவில்லை. தடித்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

படம் எடுக்கிறார்கள் என்றதும் பக்கத்து வீட்டு வீரம்மாள் அக்கா பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்து, கல்யாணப் புடவையில் வந்து நின்றாள். முகம் விழாது, எலும்புதான் விழும் என்று தெரிந்ததும், ‘மூஞ்சி இல்லாத போட்டாவுக்கா இம்மாம் நேரம் வெயில்ல நின்னுகினு இருந்தேன்’ என்று வண்டிக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டாள். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். உங்கள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், இருமல் சத்தம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

வண்டிக்குள் ஏறியதும் நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். தோட்டைக் கழற்றினேன். தாலியில் கை வைக்க வரவில்லை. கட்டினவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது எந்தப் பெண்ணுக்கு வரும்? எல்லாம் ஆயிற்று என்று தலையாட்டிவிட்டு, அதை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன். மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள், பிடித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஆள் வந்தது. என் படத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிகிறதாம், மறுபடி வர வேண்டுமாம். எனக்கும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். என் மூச்சு படக்கூடாது என்று பாப்பாவை வீரம்மாள் அக்காவிடம் படுக்கவிட்டேன். பாப்பா சுவருக்கு அந்தப் பக்கம் அழுதாள், நான் இந்தப் பக்கம் அழுதேன்.

இதைச் சொன்னால் திட்டுவீர்கள், திட்டினாலும் சரி. அவ்வளவு பயத்திலும் ஓரமாக ஒரு சந்தோஷம் வந்தது. எனக்கும் அந்த நோய்தான் என்றால் உங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்புவார்கள். பெண்கள் வார்டு தனியாக இருந்தாலும், வேலியோரம் நின்றால் நீங்கள் நடந்து போவதாவது கண்ணில் படாதா? உங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நோய் வரட்டும் என்றே நினைத்துவிட்டேன், மாமா. அப்படிப்பட்டவளைத்தான் அண்ணன் வீட்டுக்குப் போய் இரு என்கிறீர்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். சரட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். படத்தில் இருந்த பொட்டும் அவர் கையில் இருந்த பொட்டும் ஒன்றுதான். ‘நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம்னா ஆளாளுக்குப் புருஷனைக் கொண்டுவந்து காட்டறீங்களேம்மா’ என்றார். அன்று திரும்பக் கூப்பிட்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் என் ஜாதிதான், எல்லோரும் தாலியை ஒளித்தவர்கள். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் வெறுங்கழுத்தோடு நிற்கமாட்டேன் என்றேன். கூட வந்திருந்த வீரம்மாள் அக்கா தன் வீட்டுக்கு ஓடி, விரலி மஞ்சள் ஒன்றைக் கயிற்றில் முடிந்து எடுத்து வந்தாள். அதை என் தொண்டைக்குழியை ஒட்டிக் குட்டையாகக் கட்டிவிட்டு, ‘இது ஒண்ணும் நெஞ்ச மறைக்காது, எடுத்துக்கங்க’ என்றாள். அதற்கப்புறம்தான் பொன்னைக் கழற்றினேன்.

மறுபடி எடுத்த இந்தப் படம் சுத்தமாக இருக்கிறது. நுரையீரலில் ஒன்றுமே இல்லை. கிருமி உறங்குகிறது, அவ்வளவுதான். என்னால் யாருக்கும் ஒட்டாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. உங்கள் சங்கதியையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். ‘சளி சுத்தமா இருக்குன்னா அவர் தாராளமா வீட்டுக்கு வரலாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாது’ என்றார்.

நான்தானே கொடுத்தேன் என்று புலம்பாதீர்கள். ஊரில் பாதிப் பேர் நெஞ்சில் இது உறங்குகிறதாம். பண்ருட்டி பஸ்ஸில் இருமிய எவனோ கொடுத்ததாகக் கூட இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். ஆனால் உங்களுடையது என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர் நீங்கள். நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, பம்ப் ஓடுகிற வரைக்கும் மேலே வராது என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். கீழே தண்ணீர் இருக்கிறது என்று மைன்ஸை மூடிவிட்டா போனார்கள்? அதற்கு மேலே நின்றுதானே அத்தனை பேரும் ஷிப்ட் பார்க்கிறார்கள்? நாமும் அப்படி இருந்துவிட்டுப் போவோம்.

பலாப்பழம் வந்துவிட்டது. பாப்பா தினமும் அப்பாவுக்கு என்று ஒரு சுளையை எடுத்து வைக்கிறாள். சாயங்காலம் அவளே தின்றுவிட்டு, அப்பா வந்து தின்றுவிட்டதாகச் சொல்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.

கழற்றின பொன்னை மஞ்சள் துணியில் முடிந்து கொளஞ்சியப்பர் சாமி படத்தடியில் வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்ளேன் என்று வீரம்மாள் அக்கா தினமும் சொல்கிறாள். நானே எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொள்ள எனக்கு மனசில்லை. அது உங்கள் கை செய்ய வேண்டிய வேலை. கொளஞ்சியப்பர் உங்களை நல்லபடியாக பஸ் ஏற்றிவிடட்டும்.

கழுத்தில் இருக்கும் மஞ்சள் காய்ந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, மாமா.

உங்கள்
ருக்குமணி