விளிம்பில் ஒரு வெட்டு

3.11, திங்கள்

விடியும்போதே தூறல். மஞ்சூர் பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது, பஸ் தெரியவில்லை. அவ்வளவு பனி. துவைத்த துணி இன்னும் காயவில்லை. வாங்க வேண்டியது: து. பருப்பு, தே. எண்ணெய், இவருக்குத் தைலம்.

தேயிலை ஃபாக்டரிப் படியில் வழுக்கிக் கால் ஒடிந்ததிலிருந்து இவர் வீட்டோடுதான். இப்போது புதுப் பித்து ஒன்று. மகள் சுதாவின் போனில் எவனோ சொல்கிறான், அச்சடிக்கும்போது பிசகிய காசு லட்சத்துக்குப் போகுமாம். அன்றிலிருந்து கையில் பூதக்கண்ணாடி. இரண்டு ரூபாய்க் காசுகளின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு.

"பாரு புள்ள, எல்லாத்துலயும் ஒரே மாதிரி. கீழ விழுந்து பட்டதுன்னா இப்படி வருமா?"

நியாயமான கேள்வி. அதற்குள் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் நாசம்.

4.11, செவ்வாய்

கொஞ்சம் வெயில். எஸ்டேட் ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இலை நிறுக்கும் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, இவருக்குத் தரலாமாம். வெள்ளிக்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும். மாரியம்மா, கண் திறந்தாயே!

மத்தியானம் கொழுந்து வெட்டும்போது கத்தரி ஆடியது. வழக்கம்போல மடியிலிருந்து காசை எடுத்துக் கத்தரியின் திருகாணியை முடுக்கினேன். காசைத் திரும்ப மடியில் முடிந்துகொள்ளும்போதுதான் பார்த்தேன். அதே வெட்டு. பக்கத்து வரிசையில் மல்லிகாக்காவும் காசை வைத்துத்தான் முடுக்குகிறாள். இங்கே எல்லாரும் செய்வதுதானே. அந்தக் காசெல்லாம் மளிகைக் கடைக்குப் போய், சில்லறையாக இவர் கைக்கு வருகிறது. முதலில் சிரிப்பு. பிறகு இவர் முகம் நினைவுக்கு வந்தது. எப்படிச் சொல்வது?

5.11, புதன்

மழை. சொல்லிவிட்டேன். வாயால் மட்டுமில்லை, கத்தரியை அடுப்படிக்கே கொண்டுவந்து புதுக் காசால் முடுக்கிக் காட்டினேன். வெட்டு விழுந்தது. இவர் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நீ போட்டது, வெளுப்பா இருக்குது. என்னோடது கறுத்துக் கெடக்குது. வித்தியாசம் தெரியலியா?"

"ஏனுங்க, நாளானா இதும் கறுக்குமுங்க."

"காலு போனவனுக்குப் புத்தியும் போச்சுன்னு நெனச்சுட்டயா?"

சுதா எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. கத்தரியைக் கழுவி வைத்தேன்.

7.11, வெள்ளி

அரை நாள் லீவு. இவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தேன். தொடவில்லை.

"லச்சம் கைக்கு வர்ற நேரத்துல மூட்டைக்குக் காவலு போகச் சொல்றயா?"

நானே போய்க் கெஞ்சினேன். "அவரே வந்து சொல்லோணுமுங்க" என்றார் கிளார்க். அவர் மேல் தப்பில்லை. சாயங்காலம் அந்த வேலை மல்லிகாக்கா வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இவர் மட்டும் குஷியாக இருக்கிறார். காசுகளைப் பஞ்சில் பொதிந்துவிட்டு ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினார். "இது உன்ற பங்கு. பத்தரமா வெச்சுக்க." கால் ஒடிந்த பிறகு எனக்கென்று இவர் தந்தது இதுதான். வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

8.11, சனி

பனி. தைலம் வாங்க மறந்தாச்சு. கத்தரி மறுபடி ஆட்டம். மடியில் வேறு காசு கிடையாது, வீட்டுச் சில்லறை முழுக்கப் பஞ்சுக்குள். அந்தக் காசையே எடுத்து முடுக்கினேன், இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து. புது வெட்டு பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் இவர் அதைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏ புள்ள, சுதாவக் கூப்புடு! இதுல ரெண்டு வெட்டு!"