நான் போடாத கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன வாரம், வேலையிடத்து லிஃப்ட் கம்பியைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். "கடவுளுக்குத் தெரிஞ்சு பொய் எழுத மாட்டேன் சார்" என்றேன். என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, என் அறைத்தோழனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை அந்த லிஃப்ட் அவனோடு அறுந்து விழுந்தது. பிழைத்துவிட்டான், கால்கள்தான் போய்விட்டன. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை.

"உன் சாமி உன்னைக் காப்பாத்திட்டாரு" என்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. 'அதுல ஏறாதடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கை சுத்தம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன். வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினால் அறையில் காலியாகக் கிடக்கும் அவன் கட்டில்தான் தெரிகிறது.

முடிந்தால் ஒரு போர்வை அனுப்புங்கள். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவன் அம்மாவுக்கும் நான்தான் எழுத வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்தான் உங்களுக்கு முதலில் எழுதினேன்.

உங்கள் மகன்