அம்மா இறங்கி வந்த பாதை

அன்புள்ள பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே நாங்கள் சௌக்கியம், உன் அம்மாவுக்குத்தான் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் கையெல்லாம் கறுப்புப் பெயிண்ட், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

விஷயம் இதுதான். வாசற்படி ஓரமாகச் சரிவுப் பாதை கட்ட அனுமதி கிடைத்துவிட்டது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா சக்கர நாற்காலியில் வாசல்வரை வருவாள், படிகளைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். நம்முடையது பழமை மாறாமல் காக்கப்படும் தெரு, முகப்பில் ஆணி அடிப்பதற்கும் குழுவின் சம்மதம் வேண்டும். முன்பு கேட்டபோதெல்லாம் தெருவின் அழகு கெட்டுவிடும் என்று மறுத்தவர்கள், இந்த முறை பலகையில் மாதிரி செய்து வையுங்கள், வந்து பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். உன் தங்கை விதிப் புத்தகத்தை வரிவிடாமல் படித்தாள். பழைய கல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதில் இருந்ததாம், விடுவாளா, பலகைக்குக் கல்லின் நிறம் அடித்து, விரிசல் வரைந்து, பாசிகூடத் தீட்டிவிட்டாள். (அக்கா, பக்கத்துக் கல்லில் பாசி உண்மையாகவே இருக்கிறது. இப்படிக்குத் தங்கை.)

எதிர்ச் சாரியில் நின்று பார்ப்பதுதான் குழுவின் வழக்கம். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலைவி அம்மாள், ஏன் சார், எங்களை வரச் சொல்லிவிட்டு ஒன்றுமே வைக்காமல் விளையாடுகிறீர்களா என்று ஒரே கோபம். பலகையைக் காட்ட நான் கையை நீட்டினேன். அதற்குள் உன் அம்மா கதவைத் திறந்து, பலகைமேல் ஜம்மென்று உருண்டு இறங்கி, தெருவைக் கடந்து அவர்கள் முன்னால் போய் நின்று, அப்படியானால் நான் என்ன பறந்தா வந்தேன் என்று கேட்டாளே பார்க்கலாம்! கூட வந்த பொறியாளர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. தலைவி அம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். கைப்பிடி மட்டும் பளபளக்கக் கூடாதாம், அதற்குத்தான் இந்தக் கறுப்பு.

கொத்தனார் வரும்வரை பலகையைக் கழற்றக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. இப்போதும் அவள் வீட்டில் இல்லை, தையல்காரர் கடையில் ரவிக்கை அளவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், இங்குவரை கேட்கிறது.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. முக்கியமாக ஒன்று, முன்போல் நினைத்த நேரத்தில் ஃபோன் செய்யாதே. பொழுது சாய்ந்த பிறகு கூப்பிடு, அப்போதுதான் அம்மா கிடைப்பாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா