வளையத்தில் கீறல் இல்லை

அன்பு மருமகளே,

எல்லாவற்றையும் நான் அப்போதே சொன்னேன். உன் அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கிமுனைக் கத்தியைக் கண்டால் பழம்பொருள் மதிப்பிடுகிறவர் எழுந்து நிற்பார் என்றேன், நின்றார். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனார் என்று பொறாமைக்காரர்கள் சொல்லலாம்.

துப்பாக்கிக் குழலில் மாட்டும் வளையத்தைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, ஒரு தடவை மாட்டியிருந்தாக்கூட இங்க கீறல் விழுந்திருக்கும். இது துப்பாக்கியில ஏறினதே இல்ல. அதனாலதான் இதுக்கு மவுசு."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். காது மட்டும் சூடாகிவிட்டது.

அந்தக் கத்தியால் உன் அப்பா குத்திய வெறுங்கால் சிப்பாயின் கதையை எத்தனை கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன்! சாகும்போது அவன் செருப்பு கேட்டான் என்பேன். கூட்டமே கண்ணைத் துடைக்கும். அத்தான், அதுதான் உன் அப்பா, ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. நீ அவர் கையைத் தொடாமல் போனது அதைக் கேட்ட பிறகுதான்.

இப்போது அவர் படுக்கையிலிருந்து அலமாரி மூலையையே பார்க்கிறார். நேற்று, "மச்சான், அவன் வெறுங்காலோட நிக்கிறான். உன் செருப்பைக் குடேன்" என்றார். கழற்றி அங்கே வைத்தேன். "போட்டுக்க மாட்டேங்குறான். எம்பொண்ணு வந்து சொன்னா கேப்பான்" என்கிறார்.

டாக்டர் கைவிரித்துவிட்டார். நீ வந்து அவர் கையைப் பிடி. அது யாரையும் குத்திய கை இல்லை.

என் செருப்பு இன்னும் அந்த மூலையில்தான் கிடக்கிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது. அந்தச் சிப்பாயை உண்டாக்கியதே நான்தான், அம்மா. அப்படி ஒருவன் இருந்ததே இல்லை.

வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கும்,
உன் மாமா