அப்பா கல்லறையில் காட்டு வெங்காயம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹாலந்திலிருந்து ரோய்ஸ்டன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கு? மருந்தை நிறுத்தாதீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே தம்பியிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நான் அனுப்பிய ஐந்து காட்டு வெங்காயக் கிழங்கையும் கல்லறைத் திருநாளுக்குப் பூக்கட்டும் என்று பத்து காஜா ஊரில் அப்பா கல்லறையில் நட்டுவிட்டீர்களாம். “வெங்காயம்தானே லா, மண்ணுல போட்டா வராதா?” என்கிறீர்கள். வராது, அழுகிவிடும். இது குளிர்மலைச் செடி. தம்பி ஜெரமியை அனுப்பித் தோண்டி எடுங்கள். யாராவது கேட்டால் அண்ணன் சொன்னான் என்று சொல்லட்டும்.

மண்ணைத் துடைத்து, காயவைத்து, காகிதப் பையில் போட்டு, ஐஸ்பெட்டியின் காய்கறித் தட்டில் பதினான்கு வாரம் வையுங்கள். பக்கத்தில் பழம் வைக்கக் கூடாது. பையில் ‘சம்பால் அரைக்க இல்லை’ என்று எழுதுங்கள், பெர்னடெட் சித்தியை நம்ப முடியாது. ஜனவரியில் மணல் கலந்த மண்ணில், சட்டியில் நடுங்கள். மார்ச்சில் ஊதாப் பந்து மாதிரி இரண்டு பூவாவது பூக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒரே தடவைதான்.

போன வாரம் இங்கே வேலையிடத்தில் கிழங்கு வைக்கும் குளிரறையின் கதவு மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் உள்ளேயே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மீன் கறித்தூள் இரண்டு பாக்கெட் அனுப்புங்கள், நீங்கள் அரைத்ததாக இருக்கட்டும்.

நவம்பருக்குச் சந்தையில் செவ்வந்தி வாங்கிப் போடுங்கள். மார்ச்சில் பூத்ததும் சட்டியை நீங்கள் தூக்க வேண்டாம். லீவு கேட்டிருக்கிறேன், கல்லறைக்கு நானே தூக்கி வாரேன். அப்பா அடக்கத்துக்குத்தான் வர முடியவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ரோய்ஸ்டன்